தொட்டி மண்ணுக்கு நூற்புழுவா, பிடிஐயா, வேப்பம் புண்ணாக்கா?

தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினால் சின்னக் கறுப்பு ஈக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. பாத்தியைக் கிளறினால் வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடக்கின்றன. இணையத்தில் தேடினால், "நன்மை செய்யும் நூற்புழுவை வாங்கி ஊற்றுங்கள்" என்ற பதில் இப்போது அடிக்கடி வருகிறது. மண்ணில் இருக்கும் பூச்சியைக் கொல்லும், நூல் போன்ற நுண்ணிய புழு அது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்திலோ சமூகத் தோட்டத்திலோ செடி வளர்ப்பவர்கள் அதை நம்பிப் பணம் போடலாமா, வேறு வழிகள் இதைவிட நல்லவையா என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூற்புழு வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நம் ஊர்ச் சூட்டுக்குப் பொருந்தும் இனம் உயிரோடு கைக்கு வந்து சேர்ந்தால்தான் செய்யும். வீட்டில் பத்துப் பதினைந்து தொட்டி வைத்திருப்பவருக்கு அதைவிட எளிதான, மலிவான வழி இருக்கிறது. பலர் சேர்ந்து பயிர் செய்யும் தோட்டத்தில் வேர்ப்புழு செடிகளைச் சாய்க்கிறது என்றால், நான் நூற்புழுவின் பக்கம்தான் நிற்பேன்.

எதை வாங்குவதற்கு முன்னாலும், மண்ணில் இருப்பது எந்தப் பூச்சி என்று பார்த்துவிட வேண்டும். அந்தக் கறுப்பு ஈயைக் கொசு என்று நினைத்துப் பயப்படுபவர்கள் இங்கே நிறையப் பேர். டெங்கி இருக்கும் ஊரில் அந்தப் பயம் இயல்புதான். அது கடிக்காது. நாற்றுப் பண்ணைகளில் ஃபங்கஸ் நாட் என்பார்கள். பறக்கும் ஈயின் ஆயுள் ஒரு வாரம் போலத்தான். தொல்லை முழுக்க மண்ணின் மேல் இரண்டு விரற்கடைக்குள் இருக்கிறது. ஓர் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி ஈர மண்மேல் பதித்து வையுங்கள். ஓரிரு நாளில் புரட்டிப் பார்த்தால், கிழங்கின் அடியில் கண்ணாடி மாதிரி உடலும் பளபளக்கும் கறுப்புத் தலையுமாக அரை சென்டிமீட்டர் புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை தின்றது குடலுக்குள் கறுப்புக் கோடாகத் தெரியும். அவற்றைப் பார்த்துவிட்டால், யாரோடு மோதுகிறோம் என்பது தெளிவாகிவிடும்.

கொக்கி போல வளைந்து, பழுப்புத் தலையும் ஆறு காலுமாகக் கிடக்கும் பருத்த புழு வேறு கதை. அது வண்டின் குஞ்சு. கத்தரியோ வெண்டையோ தண்ணீர் இருந்தும் வாடி, பிடுங்கினால் வேரே இல்லாமல் கையோடு வந்தால், குற்றவாளி அதுவாக இருக்கலாம்; வேர்ப்புழு என்பது அதைத்தான். ஆனால் உரக்குழியில் அகப்பட்ட புழுவைப் பார்த்தவுடன் நசுக்க வேண்டாம். அதைச் சமதரையில் விட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்து முதுகாலேயே ஊர்ந்து போனால், அது மக்கும் குப்பையைத் தின்னும் பூ வண்டின் குஞ்சு. உரம் தயாரிக்க அது உதவிதான் செய்கிறது, விட்டுவிடலாம்.

இலையில் இருக்கும் பூச்சிகளுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. கறிவேப்பிலையை மொட்டையடிக்கும் பச்சைப் புழு, மிளகாயில் அசுவினி, செம்பருத்தியில் மாவுப்பூச்சி எதற்கும் மண்ணில் ஊற்றும் நூற்புழு பயன்படாது. ஆப்பிரிக்க நத்தைக்கும் அப்படித்தான். இரவில் டார்ச் லைட்டோடு போய்ப் பொறுக்குவதே வழி.

நூற்புழு என்ன செய்கிறது

நூற்புழு என்றதும் தோட்டக்காரர்களுக்கு முகம் சுருங்கும். கத்தரி, வெண்டை வேரில் முடிச்சு முடிச்சாக வீங்க வைப்பதும் ஒரு நூற்புழுதானே. "நல்ல மண்ணில் போய் யாராவது புழுவை ஊற்றுவார்களா?" என்று எங்கள் புளோக் தோட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. வேர்முடிச்சு நூற்புழுவுக்கு வாயில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. அதைக் கொண்டு வேரைத் துளைத்து உறிஞ்சும். நாம் பேசும் இனங்களுக்குச் செடி தேவையே இல்லை. அவை பூச்சியைத் தேடுகின்றன. மண்புழுவையும் தொடுவதில்லை. மனிதருக்கோ பூனைக்கோ தீங்கு இல்லை.

ஸ்டைனர்நீமா, ஹெட்டெரோராப்டைட்டிஸ் என்று இரண்டு பேரினங்கள் விற்பனைக்கு வருகின்றன. இரண்டும் தனியாக வேட்டைக்குப் போவதில்லை. முதலாவதின் குடலில் ஜெனோராப்டஸ் என்ற பாக்டீரியாவும், இரண்டாவதின் குடலில் ஃபோட்டோராப்டஸ் என்ற பாக்டீரியாவும் குடியிருக்கின்றன. அரை மில்லிமீட்டர் நீளமுள்ள இளம் நூற்புழு, பூச்சியின் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை வழியாக உள்ளே நுழைகிறது. ஹெட்டெரோராப்டைட்டிஸுக்கு ஒரு குட்டிப் பல் உண்டு; மெல்லிய தோலைக் கிழித்தும் நுழையும். உள்ளே போனதும் பாக்டீரியாவை வெளியே விடுகிறது. 24 முதல் 48 மணி நேரத்தில் பூச்சி செத்துவிடும். செத்த உடலையும் பெருகிய பாக்டீரியாவையும் தின்று நூற்புழுக்கள் உள்ளேயே தலைமுறை பெருக்கி, ஒன்றிரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கில் வெளியேறி அடுத்த பூச்சியைத் தேடிப் போகின்றன. ஹெட்டெரோராப்டைட்டிஸ் கொன்ற புழு செங்கல் நிறமாக மாறும். ஃபோட்டோராப்டஸ் ஒளிரும் பாக்டீரியா என்பதால், கும்மிருட்டில் அந்தச் சடலம் மங்கலாக ஒளி விடுவதும் உண்டு.

புதுக் கண்டுபிடிப்பு என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ஜப்பானிய வண்டின் புழுக்களில் கிளேசர் என்பவர் இதைக் கண்டார். அவர் பெயரிலேயே ஸ்டைனர்நீமா கிளேசரி என்ற இனம் இன்றும் இருக்கிறது.

நம் சூட்டுக்கு எது தாங்கும்

முடிவைத் தீர்மானிக்கும் இடம் இதுதான். ஐரோப்பியப் பொதிகளில் பெரும்பாலும் மூன்று இனங்கள் வரும்: ஸ்டைனர்நீமா ஃபெல்டியே, ஸ்டைனர்நீமா கார்போகாப்சே, ஹெட்டெரோராப்டைட்டிஸ் பாக்டீரியோபோரா. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். அங்கே கண்ணாடிக் கூடாரத்து மண் குளிர்ச்சியானது. நம் கறுப்பு ஈக்குப் பேர்போன எதிரி ஃபெல்டியே. ஆனால் அது குளிர்நாட்டு இனம். 15 முதல் 25 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும், 30 தாண்டினால் தளர்ந்துவிடும். கார்போகாப்சேயும் பாக்டீரியோபோராவும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், 30 டிகிரிப் பக்கம் வரை.

சிங்கப்பூரில் விடியற்காலையிலேயே காற்று 24, 25 டிகிரி. மதியம் 31, 32. தொட்டி மண் அதோடு நிற்பதில்லை. மேற்குப் பார்த்த தாழ்வாரத்தில் வெயில் படும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் மண் மாலையில் 35-ஐத் தாண்டிக் கொதிக்கும். அதில் ஃபெல்டியேயை ஊற்றுவது வீண். அதே வீட்டில் குளிரூட்டிய அறையில் இருக்கும் மணிப்பிளாண்ட் தொட்டிக்கு அதே ஃபெல்டியே நன்றாகவே வேலை செய்யும். அதனால் பொதிக்கு விலை கேட்பதற்கு முன்னால், சமையலறைத் தெர்மாமீட்டரை மதியம் மூன்று மணிக்குத் தொட்டி மண்ணில் இரண்டு அங்குலம் செருகிப் பாருங்கள். அந்த எண் எந்த விளம்பரத்தையும்விட உண்மை பேசும்.

வெப்பத்துக்கென்றே பிறந்த மாதிரி ஓர் இனம் இருக்கிறது: ஹெட்டெரோராப்டைட்டிஸ் இண்டிகா. தமிழர்களுக்குச் சொல்லும்போது எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் அது கிடைத்தது கோயம்புத்தூரில். கரும்பைத் துளைக்கும் புழுவிலிருந்து எடுக்கப்பட்ட அதைப் போய்னார், கருணாகர், டேவிட் என்ற மூவர் 1992-இல் புது இனமாக விவரித்தார்கள். 30 டிகிரி மண் அதற்குத் தொல்லையே இல்லை. பெங்களூரில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சி வள நிறுவனம் அதைத் தூளாகத் தயாரிக்கும் முறையை உருவாக்கி, கரும்பு வேர்ப்புழுவுக்கு எதிராகப் பரப்பியிருக்கிறது. சிங்கப்பூர் பாத்திக்கு எந்த இனம் என்று கேட்டால், என் பதில் இண்டிகாதான். ஒரு விஷயத்தில் மட்டும் அது மற்றவற்றுக்கு நேர் எதிர். ஃபெல்டியேயை 5 டிகிரியில் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில வாரம் இருக்கும். இண்டிகாவை அப்படி வைத்தால் செத்துப்போகும். 15 டிகிரிப் பக்கம் இருப்பதே அதற்கு நல்லது.

உடனே, "ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் இரண்டு பொட்டலம் போட்டுக்கொண்டு வரலாமே" என்று தோன்றும். வேண்டாம். உயிருள்ள பூச்சியையும் நுண்ணுயிரையும் சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்க வேண்டும். மண்ணும் அப்படித்தான். இது வெறும் சட்ட விஷயம் என்று நான் நினைக்கவில்லை. சின்னத் தீவு, பண்ணையும் காடும் குடியிருப்பும் ஒட்டியே இருக்கின்றன. எந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு இணையக் கடையில் தட்டிவிட்டு வரவழைப்பதற்கும் இதே விதி பொருந்தும். உள்ளூரில் விற்பவரிடம் வாங்கும்போதும் எந்த இனம், எப்போது வந்தது, எப்படி வைத்திருந்தீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். இனத்தின் பெயரைச் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

மற்ற வழிகள்

பிடிஐ நமக்குப் பழகிய பொருள். டெங்கித் தடுப்பு அறிவிப்புகளில், கூரைக் கால்வாயைச் சுத்தம் செய்து பிடிஐ போடச் சொல்கிறார்களே, அதேதான். 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கிடைத்த பாக்டீரியா. அதன் நச்சுப் படிகத்தைக் கொசுப்புழு தின்றால் குடல் கிழிந்து சாகும். மண்ணில் இருக்கும் ஈயின் புழுவும் கொசுவுக்குத் தூரத்து உறவு என்பதால் அதையும் கொல்லும். மீனுக்கும் தேனீக்கும் மனிதருக்கும் ஆபத்து இல்லை. சூடு அதற்குப் பெரிய விஷயமில்லை, குளிர்பதனமும் வேண்டாம், தூளாகவோ குருணையாகவோ மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும். குறை என்ன? புழு தின்றால்தான் சாகும், மண்ணில் சில நாள்தான் வீரியம் இருக்கும், அது தானாகப் பெருகாது. அதனால் வாரம் ஒருமுறை, நான்கு வாரத்துக்கு விடாமல் ஊற்ற வேண்டும். முட்டையிலிருந்து ஈயாவதற்கு மூன்று நான்கு வாரம் ஆவதுதான் காரணம்; நடுவில் விட்டால் அடுத்த தலைமுறை கிளம்பிவிடும். வண்டின் குஞ்சுக்கு இது ஒன்றும் செய்யாது. எந்த வகை வாங்கினாலும், செடிக்குப் பயன்படுத்த லேபிளில் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

வேப்பம் புண்ணாக்கை நம்மவர்கள் கையைவிட்டு விடமாட்டார்கள், நானும் விடமாட்டேன். பாத்தி போடும்போது மண்ணில் கலந்தால் உரமும் ஆகும், வேர்முடிச்சு நூற்புழுவையும் குறைக்கும். ஆனால் ஈத் தொல்லை உள்ள தொட்டியின் மேல் தூவாதீர்கள். ஈரத்தில் அதன்மேல் பூஞ்சணம் பூக்கும். அந்தப் பூஞ்சணம்தான் ஈயின் புழுவுக்குத் தீனி. ஊறவைத்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரும் இதே கதைதான். தாழ்வாரத் தொட்டிகளில் ஈ பெருகுவதற்கு அதுவே பல சமயம் காரணம். அப்புறம், நூற்புழுவைக் குறைக்கும் பொருளை நல்ல நூற்புழு ஊற்றும் வாரத்தில் போடாமல் இருப்பது நல்லது.

மெட்டாரைசியம், பியூவேரியா போன்ற பூஞ்சைகள் பூச்சியின் தோல்மேல் முளைத்து உள்ளே ஊடுருவுபவை. நம் ஈரக்காற்று அவற்றுக்குப் பிடிக்கும், சூடும் ஒத்துவரும். கொல்ல ஒரு வாரம் பத்து நாள் எடுக்கும். உரக்குழியில் காண்டாமிருக வண்டின் பெரிய புழு இருந்தால் நூற்புழுவைவிட மெட்டாரைசியமே மேல். முற்றிய பெரிய புழுக்களின் மூச்சுத்துளையில் சல்லடை மாதிரி தட்டு இருக்கிறது. நூற்புழு நுழைவது கடினம்.

இமிடாகுளோபிரிட் போன்ற இரசாயனம் வேகமானது, சந்தேகமில்லை. வேர் வழியாக ஏறி இலை, பூ, மகரந்தம் வரை போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் வயல்வெளியில் அதன் பயன்பாட்டைத் தடை செய்தது தேனீக்களுக்காக. கீரையும் துளசியும் வளரும் தொட்டியில், பக்கத்து வீட்டுக் குழந்தை பறித்து வாயில் போடும் செடியில், நான் அதை ஊற்றமாட்டேன்.

செலவே இல்லாத வழியைச் சொல்லாமல் விட்டால் தவறு. மேல்மண் காயும்வரை தண்ணீர் ஊற்றாமல் இருங்கள். ஈயின் புழு ஈரம் இல்லாமல் பிழைக்காது. தொட்டித் தட்டில் தேங்கும் நீரை எப்படியும் கொட்டத்தான் வேண்டும், கொசுவுக்காக. மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைக் குத்திவைத்தால் பறப்பவை மாட்டும், தொல்லை குறைகிறதா என்றும் தெரியும். ஆனால் காயவைக்கும் வழியும் நூற்புழுவும் ஒன்றாகப் போகாது. நூற்புழு மண் துகள்களைச் சுற்றியிருக்கும் நீர்ப்படலத்தில் நகர்வது. மண் காய்ந்தால் அது முதலில் சாகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

கணக்குப் போட்டால்

வழக்கமான அளவு, ஒரு சதுர மீட்டர் மண்பரப்புக்கு 2.5 லட்சத்திலிருந்து 5 லட்சம் நூற்புழு. 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டியின் பரப்பு 0.07 சதுர மீட்டர். கூடுதல் அளவிலேயே போட்டாலும் 35,000 போதும். இருபது தொட்டிக்கு 7 லட்சம். 5 கோடி உள்ள பொதியை வாங்கினால் 100 சதுர மீட்டருக்கு வரும். ஒரு தாழ்வாரத்துக்கு அதில் நூற்றில் இரண்டு பங்குகூடத் தேவையில்லை. பிரித்த பொதியை மீத்து வைக்கவும் முடியாது.

பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கும் பாத்திகள் 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். ஒரு பாத்திக்கு அதிகபட்சம் பன்னிரண்டரை லட்சம். அதே 5 கோடிப் பொதியை நாற்பது பாத்திக்காரர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். தேசியப் பூங்காக் கழகம் 2005-இல் கம்யூனிட்டி இன் புளூம் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து புளோக்குக்குப் புளோக் சமூகத் தோட்டங்கள் வந்திருக்கின்றன. நூற்புழு அவற்றுக்கே பொருத்தம். செலவு பங்காகிறது என்பதோடு முடியவில்லை. ஒரு பாத்தியில் மட்டும் வேர்ப்புழுவை ஒழித்து என்ன பயன், பக்கத்துப் பாத்தியிலிருந்து வண்டு பறந்துவந்து முட்டையிடும். எல்லாரும் ஒரே மாலையில் ஊற்றினால்தான் பலன் நிற்கும்.

ஆக, தாழ்வாரத் தொட்டியில் கறுப்பு ஈ மட்டும் என்றால் நான் சொல்வது மேல்மண்ணைக் காயவிடுங்கள், மஞ்சள் அட்டை குத்துங்கள், நான்கு வாரம் பிடிஐ ஊற்றுங்கள். ஈரம் குறையக்கூடாத பெரணி, ஆர்க்கிட் நாற்று போன்றவை குளிரூட்டிய இடத்தில் இருந்தால் ஃபெல்டியே. சமூகத் தோட்டப் பாத்தியில் வேர்ப்புழு என்றால் இண்டிகா. அது அனுமதியோடு கிடைக்காதபட்சத்தில் நிழல் உள்ள பாத்திக்குப் பாக்டீரியோபோரா. வெயில் பாத்திக்கு அதுவும் வேண்டாம், புழுவைக் கையால் பொறுக்கி, மெட்டாரைசியம் கிடைத்தால் போடுங்கள்.

நூற்புழு என்று முடிவு செய்தவர்கள் பொதியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போகும் பார்சலாக வாங்காதீர்கள். வாசல் வெயிலில் ஒரு மதியம் போதும், எல்லாம் முடிந்துவிடும். வந்ததும் ஒரு சொட்டைத் தண்ணீரில் கரைத்து, அறைச் சூட்டில் சற்று நேரம் விட்டு, நல்ல பூதக்கண்ணாடியில் பாருங்கள். நெளிந்தால் உயிரோடு இருக்கிறது. எல்லாமே ஊசி மாதிரி விறைத்து அசையாமல் கிடந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். புற ஊதாக் கதிர் நிமிடக் கணக்கில் கொல்லும் என்பதால் மாலை ஏழு மணிக்கு மேல், பொழுது சாய்ந்தபின் ஊற்றுங்கள். முதலில் மண்ணை நனைத்துவிட்டு, பூவாளியின் சல்லடையைக் கழற்றி, அடியில் படியாமல் கலக்கிக்கொண்டே ஊற்றி, மறுபடி கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கீழே இறக்குங்கள். அடுத்த இரண்டு வாரம் மண் ஈரமாக இருக்கட்டும், ஆனால் தண்ணீர் கட்டக்கூடாது. நூற்புழுவுக்கும் மூச்சு வேண்டும். டிசம்பர், ஜனவரி அடைமழையில் வடிகால் இல்லாத பாத்திக்கு ஊற்றாமல் தள்ளிப்போடுவது நல்லது.

ஒரு வாரம் கழித்து ஓரமாகத் தோண்டிப் பாருங்கள். செங்கல் நிறத்தில் தொய்ந்த புழு அகப்பட்டால் அதை வெளியே எறியாமல் அங்கேயே மூடிவிடுங்கள், அடுத்த கூட்டம் அதற்குள்தான் வளர்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை ஊற்றினால் முட்டையிலிருந்து பிந்தி வந்தவையும் அகப்படும். எந்தப் புழுவும் நிறம் மாறாமல் எல்லாம் வெள்ளையாகவே நெளிந்துகொண்டிருந்தால், இரண்டாவது பொதிக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் மண்ணின் சூட்டை மறுபடி அளந்து பாருங்கள்.